அப்போதிக்கரி எழுதிக் கொடுத்த போத்தல்

சென்ற ஆண்டு எமது தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது வீட்டிலே ஒரு சிறு பிணக்கு மூண்டது. பிரசவத்தில் அவளுக்கு இரத்தம் சற்று மிகுதியாகவே போயிருந்தது. மருத்துவமாது வீட்டிற்கு வந்து இரும்புச்சத்துக் குளிசைகளைக் கொடுத்து, அவற்றை எவ்வாறு எடுக்கவேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்லிச் சென்றார். அவர் படலையைக் கடக்கு முன்னரே, எண்பத்தேழு வயதான எமது அம்மம்மா எம்மை அருகழைத்து, "உந்தக் குளிசையளை நம்பிக்கொண்டிராமல் ரவுணுக்குப் போய் ஒரு போட் வைன் வாங்கிக்கொண்டு வா மோனை" என்றார்.

நாம் திகைத்துப் போனோம். எமது வீடு மதுவின் வாடையே அறியாதது என்று பெருமை பேசிவந்த சைவ வீடு. அந்தப் பெருமையை அதிகம் பேசியவரும் அம்மம்மாவேதான். அதை நினைவூட்டியபோது அவர் சிறிதும் கூச்சமின்றி, "அது குடியில்லை, மருந்து. எனக்கே தந்தவை" என்றார்.

அவர் சொன்ன கதை இதுதான். 1958 ஆம் ஆண்டு எமது தாயார் பிறந்தபோது அம்மம்மாவுக்கு வயது இருபது. இரத்தப் போக்கினால் எழுந்து நடக்கவும் மாட்டாமற் கிடந்தவரைப் பார்க்க வந்த அப்போதிக்கரி ஐயா, துண்டுக் கடதாசியில் 'போட் வைன்' என்று எழுதிக் கொடுத்தார். அம்மப்பா அம்மம்மாவின் தோட்டை அடைவு வைத்து, பட்டினத்துக் கடையொன்றில் 12 ரூபாவுக்கு ஒரு போத்தல் வாங்கி வந்தார். இரவு தோறும் காற்கோப்பை. "நல்ல சிவப்பு மோனை. குடிச்ச உடனை முகத்திலை இரத்தம் ஏறும்" என்று சொல்லும்போது அம்மம்மாவின் கண்களிலே இன்றும் ஒரு வியப்பு. தோடு திரும்பி வரவில்லை. வெறும் போத்தல் மட்டும் அடுக்களையில் நல்லெண்ணெய்ப் போத்தலாக நெடுங்காலம் வாழ்ந்தது. அந்தக் கரும்பச்சைப் போத்தலை நாமும் கண்டிருக்கிறோம். 1995 இன் இடப்பெயர்வோடு அதுவும் போயிற்று.

கதையில் இன்னொருவரும் உண்டு. அந்நாளில் எங்கள் வளவுக்கு வேலி அடைக்க ஒருவர் வருவார். மாலையில் அவர் தவறணையிற் சிறிது கள் அருந்துபவர் என்பதால், 'குடிகாரன்' என்று படலைக்கு வெளியே நிறுத்திக் கூலி கொடுப்பது வழக்கமாம். அவர் அங்கே நிறுத்தப்பட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதனை எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அக்காலத்தில் இருக்கவில்லை. ஆயினும் சொல்லப்பட்ட காரணத்தையே எடுத்துக்கொள்வோம். கள்ளில் உள்ள மதுசாரம் ஏறக்குறைய ஐந்து வீதம். போட் வைனில் உள்ளது இருபது வீதம். ஐந்து வீதம் படலைக்கு வெளியே நிற்க, இருபது வீதம் சுவாமி அறைக்கு அடுத்த அறையிலே கோப்பையில் வார்க்கப்பட்டது.

இந்த விந்தை எங்கள் வீட்டில் மாத்திரம் நிகழ்ந்ததா என்று அறியும் ஆவலினாலே சில மாதங்களாக நாம் வைனின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். தமிழ் படித்த எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது, இயல்பாகவே, புறநானூற்றின் 56 ஆம் பாட்டு. யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்திலே மகளிர் ஏந்திக் கொடுக்க நன்மாறன் மகிழ்ந்திருப்பானாக என்று நக்கீரனார் அங்கே வாழ்த்துகிறார். கப்பலேறி வந்த வைன் அன்றும் மன்னனுக்குரியதாகவே இருந்தது. அரிக்கமேட்டு அகழ்வில் வெளிப்பட்ட மத்தியதரைக் கடற் சாடிகள் அவ்வணிகத்துக்குச் சான்று.

மருத்துவத்திலே வைனுக்கு இடமே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்கள் புண்ணை வைனாற் கழுவச் சொல்கின்றன. பெர்கமம் நகரிலே வாட்போர் அடிமைகளுக்கு மருத்துவராயிருந்த கேலன், அவர்களின் காயங்களை வைனில் நனைத்த துணியாற் கட்டினார். கிருமி என்பதையே மனிதர் அறியாத காலத்தில் அது வீண் முயற்சியன்று. பின்னர் பல நூற்றாண்டுகளாக வைன் செய்த பெரும்பணி, வேறு மருந்துகளைக் கரைத்துச் சுமந்து செல்வது. பதினேழாம் நூற்றாண்டில் றொபேட் டல்போர் என்னும் ஆங்கிலேயர், மலேரியாக் காய்ச்சலுக்குத் தாம் கண்ட மருந்தைப் பரம இரகசியமாக வைத்துப் பெரும்பொருள் ஈட்டினார்; பிரான்சின் பதினான்காம் லூயி மன்னனும் அந்த இரகசியத்தை விலைகொடுத்து வாங்கினான். டல்போர் இறந்தபின் 1682 இல் அது வெளியிடப்பட்டபோது கண்டது என்ன? சிங்கோனா மரப்பட்டையை வைனில் ஊறவைத்தது; அவ்வளவே. காய்ச்சலைத் தணித்தது பட்டை. புகழில் வைனுக்கும் பங்கு கிடைத்தது.

எமது கதைக்கு இன்னும் நெருங்கிய உறவு உடையவர் தோமஸ் சிடனம். அதே நூற்றாண்டில் இலண்டனிலே வாழ்ந்த இம்மருத்துவர், வெளிறிச் சோர்ந்த இளம் பெண்களுக்கு இரும்பரத் தூளை வைனில் ஊறவைத்துக் கொடுத்தார். பெண்கள் தேறினர். இரும்பு வைன் என்ற பெயரோடு அது பிரித்தானிய மருந்து நூலிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இடம்பெற்றது. 1832 இல் பியர் புளோட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வைனின் துணையே இல்லாமல் இரும்பைக் குளிசையாக உருட்டி, இரத்தச்சோகை தீர்வதைக் காட்டினார். அதாவது, அம்மம்மாவின் தோடு அடைவுக்குப் போவதற்கு 126 ஆண்டுகளுக்கு முன்னரே தக்க மருந்து உலகில் இருந்தது. ஆனால் சிவப்பு வைன் இரத்தமாகும் என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கை குளிசையிலும் வலிதாயிருந்தது. நாளடைவில் வைனிலிருந்து இரும்பு கழன்றுவிட்டது. இரும்பின் புகழோ வைனோடு ஒட்டிக்கொண்டது. அம்மம்மாவின் காற்கோப்பையிலே ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. அதற்கு மேல், சிவப்பு வைனில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதையும் தடுக்கின்றன. நாம் சோற்றுக்குப் பின் குடிக்கும் தேநீரும் அப்படித்தான். முகத்திலே ஏறிய இரத்தம் புதிதாக ஊறியதன்று. மதுசாரம் தோலின் நுண்குழாய்களை விரித்ததால் எழுந்த சிவப்பு அது.

அவ்வாறாயின், ஏன் குறிப்பாகப் போட் வைன்? பிரான்சு நாட்டு வைனை அப்போதிக்கரி ஏன் எழுதவில்லை? இதற்கு விடை மருத்துவ நூல்களில் இல்லை, ஒப்பந்தங்களிலே உள்ளது.

1703 டிசெம்பரில் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் மெதுவன் ஒப்பந்தத்திலே கைச்சாத்திட்டன. ஆங்கிலக் கம்பளித் துணி போர்த்துக்கலுக்குத் தடையின்றிச் செல்லும். போர்த்துக்கேய வைனுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு வைனிலும் மூன்றிலொரு பங்கு குறைவாக வரி விதிக்கப்படும். பிரான்சோ அன்று இங்கிலாந்தின் பகைநாடு. ஆகவே போர்த்துக்கேய வைனைக் குடிப்பது ஆங்கிலக் கனவானுக்குச் சிக்கனமும் தேசபக்தியும் ஒருங்கே ஆயிற்று. வடக்கே டூரோ ஆற்றின் மேட்டுப் பள்ளத்தாக்கில் விளைந்த வைன், கழிமுகத்திலுள்ள போர்த்தோ துறைமுகத்தினூடாகக் கப்பலேறியதால் அதற்குப் போட் என்று பெயர் வந்தது. கடற்பயணத்தில் கெடாதிருக்க அதிலே சிறிது பிராண்டி கலந்தனர். பின்னர், திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே வடிசாராயத்தை ஊற்றும் முறை நிலைபெற்றது. சாராயம் ஏறியதும் மதுவம் செத்துவிடும். நொதியாமல் எஞ்சிய சர்க்கரை இனிப்பாகத் தங்கிவிடும். நான்கு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு சாராயம் என்பது ஏறக்குறையக் கணக்கு. மருந்தின் இனிமையும் உறைப்பும் இவ்வாறு வந்தவை.

1817 இல் டேவிட் றிக்காடோ தமது பொருளியல் நூலிலே இதே துணியையும் வைனையும் உதாரணமாக எடுத்தார். ஓராண்டு வைனைச் செய்யப் போர்த்துக்கலில் 80 பேர், இங்கிலாந்தில் 120 பேர். துணிக்கு அங்கே 90 பேர், இங்கே 100 பேர். இரண்டிலும் போர்த்துக்கலே திறமையுடையதாயினும் அது வைனை மட்டும் செய்து துணியை வாங்குவதே இரு நாட்டுக்கும் நன்மை என்பது அவரது முடிவு. எமது பாடசாலையில் பொருளியல் கற்பிக்கும் நண்பர் உயர்தர வகுப்பிலே இக்கணக்கை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறார். கணக்கு பிழையன்று. ஆனால் துணி நெய்த நாடு இயந்திரங்களை ஆக்கிக்கொண்டது. வைன் செய்த நாடு வைனையே செய்துகொண்டிருந்தது. தேயிலையை ஏற்றி மற்றெல்லாவற்றையும் இறக்கப் பழக்கப்பட்ட நாட்டிலே இருந்துகொண்டு அந்த 80 பேரைப் பற்றி நினையாமலிருக்க முடிவதில்லை.

அந்த 80 பேர் யார்? டூரோவின் சரிவுகள் தகடு தகடாய்ப் பிளக்கும் கரும்பாறை. அதனைக் கூலிகள் கையால் உடைத்து, கல்லடுக்கிச் சுவரெழுப்பி, படிபடியாய் நிலம் ஆக்கினர். சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்தும் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்தும் வந்த ஏழைகள் அவர்கள். அறுவடைக் காலத்தில் பெண்களும் சிறுவரும் குலைகளை வெட்ட, ஆண்கள் அவற்றைக் கூடைகளில் முதுகிலேற்றிச் சரிவிறங்கினர். பகல் முழுவதும் சுமந்தவரே இரவில் கருங்கல் தொட்டியினுள் இறங்கி, தோளோடு தோள் கோத்து வரிசையாய் நின்று, மணிக்கணக்காகச் சாற்றை மிதித்தனர். 1756 இல் முதலமைச்சர் பொம்பால் வைன் வணிகத்துக்குத் தனியுரிமைக் கம்பனி ஒன்றை நிறுவி, விளைநிலத்தின் எல்லையைப் பின்னர் கருங்கல் தூண்களால் வகுத்தார். தரத்தைக் காத்த செயலென்று வைன் நூல்கள் இதனைப் போற்றுகின்றன. போர்த்தோ நகரத்துத் தவறணைகளின் வைனையும் அக்கம்பனியே கைப்பற்றியதால் 1757 பெப்ரவரியில் ஏழைமக்கள் தெருவில் இறங்கினர் என்பதையும், ஆண்களும் பெண்களுமாகப் பலர் அதற்காகத் தூக்கிலிடப்பட்டனர் என்பதையும் அந்நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியிலே கடந்துவிடுகின்றன.

அந்த ஒரு வரியை விரித்து எழுத முற்பட்டவர் ஒரு நாவலாசிரியர். போர்த்துக்கலின் நவயதார்த்தவாத இலக்கியத்துக்கு 1939 இல் தம் முதல் நாவலால் வழிதிறந்த அல்வெஸ் றெடோல், சலசாரின் சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்தபோதே, 1949 முதல் 1953 வரை டூரோ மக்களின் வாழ்வை மூன்று நாவல்களாக எழுதினார். அத்தொகுதிக்குப் 'போட் வைன்' என்று ஆங்கிலத்திலேயே பெயர் வைத்தார். விளைவித்தவனின் மொழியில் அதற்குப் பெயர் இல்லை, குடித்தவனின் மொழியிலேயே உண்டு என்று அவர் சொல்லாமற் சொன்னதாக நாம் கொள்கிறோம். அம்மம்மா போத்தலைப் பெற்றது அம்மூன்றாம் நாவல் வெளிவந்து ஐந்தாவது ஆண்டிலே.

இனி இங்கிலாந்தின் சாப்பாட்டு மேசைக்கு வருவோம். உணவு முடிந்ததும் பெண்கள் எழுந்து வேறறைக்குப் போய்விடுவர். ஆண்கள் இருந்து போட் போத்தலை இடப்புறமாகக் கைமாற்றுவர். ஓரிரவில் மூன்று போத்தல் குடிப்பவன் பெருமையோடு பேசப்பட்டான். பெருமையாகப் பேசப்பட்ட அதே காலத்திலே இலண்டனின் ஏழைகள் ஜின் குடித்தனர். அதற்கோ 1736 இல் தனிச் சட்டம் பிறந்தது: ஒரு கலனுக்கு 20 சிலின் வரி, சில்லறையாய் விற்க ஆண்டுக்கு 50 பவுண் கட்டணம். ஏழையை மதுவிலிருந்து காக்க நினைத்தது தவறு என்று சொல்லோம்; ஜின் உண்மையிலேயே குடும்பங்களைச் சிதைத்தது. ஆனால் அச்சட்டத்தை இயற்றியவர்கள் பாராளுமன்றத்திலிருந்து எழுந்து எந்த மேசைக்குப் போயிருப்பர் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அந்த மேசையினர் நோயுற்றால் போட் மருந்துமாகும். 1773 இல் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போன பதினான்கு வயது வில்லியம் பிற் நோயுற, அடிங்ரன் என்னும் மருத்துவர் போட் வைனையும் மருந்துகளில் ஒன்றாக விதித்தார். சிறுவன் தேறினான், பிற்காலத்தில் பிரதம மந்திரியுமானான், வைத்தியர் சொன்னதை மட்டும் கடைசிவரை விடவில்லை. 46 வயதில், 1806 இல் இறந்தான். கனவான்களின் மற்றொரு நோயான கீல்வாதமோ உயர்குடிப் பிறப்பின் இலச்சினை போலவே கருதப்பட்டது. அக்கீல்வாதத்திற் பெரும்பகுதிக்கு ஈயமே காரணமாயிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். அக்காலத்துப் பழைய வைனைச் சோதித்தபோது ஈயம் மிகுந்திருந்தது. ஈயத்தின் தீமை முன்னரே அறியப்படாததன்று. ஜெர்மனியின் ஊல்ம் நகர மருத்துவர் கொக்கெல், மடத்துத் துறவிகளில் வைன் குடியாதோருக்கு மட்டும் வயிற்றுவலி வராததைக் கவனித்து, புளித்த வைனை இனிப்பாக்க வணிகர் ஈயச் சுண்ணம் கலப்பதைக் கண்டுபிடித்தார். 1696 இல் வூட்டம்பேர்க் கோமகன் அதற்கு மரணதண்டனையே விதித்தான். குடியாதவனைப் பார்த்துக் குடித்தவனின் நோயை அறிந்த கொக்கெலின் முறை எமக்கு மிகவும் பிடித்தது. எளிய முறை; ஆனால் குடியாதவனையும் ஒரு மனிதனாக எண்ணிப் பார்த்தாலன்றி அது தோன்றாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரிக்குள்ளும் புகுந்தது. இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் றொபேட் பென்ட்லி டொட், காய்ச்சற்காரருக்கு மணிக்கொரு தடவை பிராண்டி கொடுத்துப் பேர்பெற்றார். அவரே 1860 இல் ஈரல் கெட்டு மாண்டார். மதுவின்றியும் நோய் தீர்க்கலாம் எனக் காட்ட 1873 இல் இலண்டனிலே தனி மருத்துவமனை ஒன்றைத் திறக்கவேண்டி நேர்ந்தது. வணிகரோ வேறு வழி கண்டனர். இறைச்சிச் சாறும் மோல்ற்றும் கலந்த சத்து வைன்கள் பத்திரிகை விளம்பரங்களில் நிறைந்தன. அஞ்சலோ மரியானி 1863 இல் கொக்கா இலையை ஊறவைத்துச் செய்த வைனுக்குப் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தங்கப் பதக்கமே அளித்தார். மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்த எத்தனையோ தாய்மார் இச்சத்து வைன்களை மனச்சாட்சி உறுத்தாமல் அருந்தினர். எங்கள் அம்மம்மாவுக்கு உலகெங்கும் சகோதரிகள் இருந்திருக்கின்றனர் என்பது ஒருவகையில் ஆறுதலே. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலத்தில், நியூயோர்க்கிலே காரில் அடிபட்ட வின்ஸ்ரன் சேர்ச்சிலுக்கு 1932 இல் ஒரு வைத்தியர் சீட்டு எழுதினார்: உணவு வேளைகளில் மதுசாரம் தேவை, அளவுக்கு வரையறையில்லை, குறைந்தது 250 மில்லிலீற்றர்! கூலிக்காரன் குடித்தால் குற்றம். சீமான் குடித்தால் சீட்டு.

எமது சொந்த வைத்தியமும் இதற்குப் புறம்பானதன்று. பிரசவித்த பெண்களுக்குக் கொடுக்கும் தசமூலாரிஷ்டமும், திராட்சாரிஷ்டமும் நொதிக்கவைத்தே செய்யப்படுபவை. ஐந்து முதல் பத்து வீதம் வரை மதுசாரம் அவற்றில் தானாகவே உண்டாகிறது. கள்ளில் உண்டாவதும் அதேபோலத் தானாகத்தான்.

1991 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, கொழுப்பை நிறைய உண்ணும் பிரெஞ்சுக்காரருக்கு மாரடைப்புக் குறைவாயிருப்பது சிவப்பு வைனால் ஆகலாம் என்று சொல்ல, அங்கே சிவப்பு வைனின் விற்பனை ஒரேயடியாக ஏறிற்று. மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1988 இல், மதுபானம் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் வகைப்படுத்தியிருந்தது. அச்செய்தியால் எந்தக் கடையிலும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. 2023 ஜனவரியில் அதே நிறுவனம், தீங்கற்ற அளவு என்று ஒன்று மதுவில் இல்லை என அறிவித்தது. நமது நாட்டிலே சாராயம் விற்கும் கடைகள் இன்றும் 'வைன் ஸ்டோர்ஸ்' என்றே பலகை மாட்டியிருக்கின்றன. உள்ளே போகிறவர்களில் வைன் கேட்பவர் அரிது. பலகையிலாவது ஒரு கனவான் இருக்கட்டும் என்று எண்ணினர் போலும்.

அம்மம்மாவிடம் இவற்றையெல்லாம் நாம் சொல்லவில்லை. பால் கொடுக்கும் தாய் குடித்தால் அது பாலிலும் போகும் என்று மட்டும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப உன்ரை கொம்மாவுக்கும் போயிருக்குமோ?" என்று கேட்டார். அதன்பின் போத்தலைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை. தங்கை குளிசைகளை ஒழுங்காக எடுத்தாள். நான்கு மாதத்தில் மருத்துவமாதின் அட்டையிலே எண்கள் ஏறியிருந்தன.

வேறொரு நாள், வேலி அடைக்க வந்தவரின் பெயரைக் கேட்டோம். அப்போதிக்கரியின் பெயரும் ஊரும், கடை இருந்த சந்தி, போத்தலின் விலை, தோட்டில் இருந்த கற்களின் எண்ணிக்கை எல்லாம் அம்மம்மாவுக்கு ஒன்றும் பிசகாமல் நினைவிருந்தன. அவருக்கு நாளுக்கு இரண்டு ரூபா கூலி கொடுத்ததும் நினைவிருந்தது. நெடுநேரம் யோசித்தார்.

"பேர் இருந்திருக்கும் மோனை" என்றார். "நாங்கள் கேக்கேல்லை."